ஹட்டனில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது?

அவிசாவளையிலிருந்து ஏ7 வீதியில் ஹட்டனுக்கு ஏறும் மின்சாரக் காருக்கு இரண்டு செலவு உண்டு: தூரத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. தூரத்துக்கு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்று ஓட்டுபவர்கள் எல்லாரும் சொல்வார்கள். உயரத்தைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடை, ஏற்றம் ஏறத்தாழ 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையைத் தூக்க 2 கோடி ஜூல் வேண்டும். கரண்ட் பில் கணக்கில் சுமார் ஐந்தரை யூனிட். ஆரம்பகால நிசான் லீஃப் காரின் பேட்டரி புதிதாக இருந்தபோதே 24 யூனிட்தான்; அதில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானது ஏற்றத்துக்கே போய்விடும்.

இறங்கும்போது இதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குள் கரண்ட்டை அனுப்பும். அப்போது எழும் எதிர்விசையே வண்டியின் வேகத்தையும் பிடிக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் கீழே இறக்கி விமலசுரேந்திர மின்நிலையத்தில் 1965 முதல் நாம் செய்துவருவதும் இதே வேலைதான்.

பேட்டரியில் இடம் இருந்தால்தான் இது நடக்கும். ஹட்டனில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு உடனே கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால், வரும் கரண்ட்டைப் போட இடமில்லாமல் காரின் கட்டுப்பாட்டுக் கருவி அதை நிறுத்திவிடும். பிறகு வளைவுக்கு வளைவு பிரேக் கட்டைதான் தேயும், சூடாகும். காசு கொடுத்து ஏற்றிய கடைசி யூனிட்டுகள் இலவசமாக வரவிருந்ததைத் தடுத்துவிடுகின்றன. மலையிலிருந்து கொழும்புப் பக்கம் இறங்குபவருக்கு எண்பது, எண்பத்தைந்து சதவீதமே தாராளம்.

அதனால்தான் மலையகத்துச் சிறு டவுன்களுக்கு முதலில் வேண்டியது ஃபாஸ்ட் சார்ஜர் அல்ல என்று நினைக்கிறேன். 50 கிலோவாட் டிசி (நேர் மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்று, ஐம்பது வீடுகளில் ஒரே நேரம் ஆளுக்கொரு ஆயிரம் வாட் ஹீட்டர் போட்டதற்குச் சமம். 100 கேவிஏ ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள இடத்தில் பாதித் திறனை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தும் வேகம் கடைசிவரை நிற்காது: பேட்டரிக்குள் உள்ள செல்லின் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் கரண்ட்டைக் குறைத்தாக வேண்டும், எண்பதுக்கு மேல் ஊர்ந்துதான் ஏறும். லீஃபின் பேட்டரிக்குக் குளிரூட்டும் அமைப்பு கிடையாது. மலையேறிச் சூடாக வந்து நின்றால் இன்னும் மெதுவாகும். நுவரெலியாவின் ஜனவரி விடியலில் சூட்டுக்குப் பதில் குளிர்தான் தொல்லை: குளிர்ந்த செல்லுக்குள் லிதியம் அயனிகள் நுழையத் தயங்கும், அவசரப்படுத்தினால் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். இணைப்பு விஷயம் வேறு இருக்கிறது: பழைய ஜப்பான் கார்கள் கேட்பது சாடெமோ என்ற வகை பிளக், இப்போது வரும் பல மாடல்கள் கேட்பது சிசிஎஸ்2 என்ற வேறு வகை.

வீட்டுக்கு வரும் கரண்ட்டிலேயே நடக்கும் மெதுவான ஏசி சார்ஜிங்குக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 32 அம்பியர் சுவர்ப்பெட்டி 7 கிலோவாட் தரும். காரோடு வரும் வயரைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் போட்டால் 2.3 கிலோவாட் அளவில் கிடைக்கும். குறைவுதான், ஆனால் சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணியை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் முதல் மே வரை மலைக்கு வருபவர்கள் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, சூரிய உதயம் பார்த்துத்தான் திரும்புகிறார்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரி மின்கட்டணத்தில் மலிவான வேளை இரவு 10.30 முதல் காலை 5.30 வரை. அந்த ஏழு மணி நேரத்தில் சின்ன பிளக்கே 16 யூனிட் ஏற்றிவிடும். ஏற்றத்துக்குப் போனதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பத்து பிளக் பாயிண்ட் வைத்தாலும், ஒரு ஃபாஸ்ட் சார்ஜரின் பாதிச் சுமைகூட வராது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய விடுதிகளில் வட்டத் துளை 15 அம்பியர் பிளக்குகள் இன்னும் இருக்கின்றன. அதில் மல்டி பிளக் மாட்டி ஏழு மணி நேரம் 10 அம்பியர் இழுத்தால், தளர்ந்த இணைப்பு உருகிவிடும். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் வேலையே செய்யாது. ரூம் புக் பண்ணும்போதே, மெயின் போர்டிலிருந்து தனி வயரில் வரும் 13 அம்பியர் பாயிண்ட் பார்க்கிங் பக்கம் இருக்கிறதா, எர்த் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.