விசை எந்தக் காலில் பாய்கிறது?

மருதூர் அணைக்கட்டில் தாமிரபரணித் தண்ணீர் மேலக்கால், கீழக்கால் என இரண்டாகப் பிரிகிறது. எந்த மடையை எப்போது திறப்பது என்பதில்தான் இரு கால்களையும் நம்பிய வயல்களின் பாடு இருக்கிறது. டெக்ஸ்ட் எடிட்டருக்குள் டெர்மினலை, அதாவது கட்டளைகளை அடித்து இயக்கும் திரையை, திறப்பவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்: விசைப்பலகையில் அழுத்தும் விசை எடிட்டருக்குப் போக வேண்டுமா, உள்ளே ஓடி அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்குப் போக வேண்டுமா?

2018-இல் வெளிவந்த, விம் என்ற எடிட்டரின் 8.1 பதிப்பில் டெர்மினல் சாளரம் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் என் மேசையில் அதைத் திறந்த முதல் நாள், ஒரு கோப்பின் பெயரைத் தவறாக அடித்துவிட்டு, ஷெல்லில் சொல்லை அழிக்கப் பழகிய கைவாக்கில் கண்ட்ரோல் டபிள்யூவை அழுத்தினேன். சொல் அழியவில்லை. விம்மில் அது சாளரக் கட்டளைகளுக்கான முன்விசை என்பதால், எடிட்டர் அடுத்த விசைக்காகக் காத்து நின்றது. கண்ட்ரோல் டபிள்யூ ஷெல்லுக்கே போய்ச் சேர, அதைத் தொடர்ந்து ஒரு புள்ளியையும் அடிக்க வேண்டுமாம்! விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மோ ஏறக்குறைய எல்லா விசைகளையும் ஷெல்லுக்கே விட்டுவிட்டு, வெளியேறுவதற்குக் கண்ட்ரோல் பின்சாய்கோடு, கண்ட்ரோல் என் என்ற, யாரும் கைதவறி அழுத்தாத இணையை வைத்திருக்கிறது. எஸ்கேப் விசையை வைத்திருந்தால் விரலுக்குச் சுகம்தான். ஆனால் அந்த ஷெல்லுக்குள் இன்னொரு விம்மைத் திறந்தால், அதற்கு எஸ்கேப் போய்ச் சேரவே சேராது. விரல் நோகும் என்றாலும் நியோவிம்மின் ஏற்பாட்டையே நான் நியாயம் என்பேன்.

தான் எடிட்டருக்குள் இருப்பது ஷெல்லுக்குத் தெரியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் உருவாக்கித் தரும் போலி டெர்மினலின் ஒரு முனையை எடிட்டரும், மறுமுனையை ஷெல்லும் பிடித்திருக்கின்றன. ஷெல்லிலிருந்து வரும் பைட்டுகளில் எழுத்துகளோடு, நிறத்தை மாற்று, கர்சரை நகர்த்து என்னும் ஆணைகளும் கலந்து வரும். அவை பெரும்பாலும் 27 என்ற எண்ணுடைய எஸ்கேப் பைட்டில் தொடங்கும். 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவி பரவலாக்கிய முறை அது. எடிட்டர் அவற்றைப் பிரித்தறிந்து, திரையைக் கட்டம் கட்டமாக நிரப்புகிறது. சாளரத்தின் அளவு மாறினால், புதிய வரிசை, நெடுவரிசை எண்ணிக்கையை எடிட்டர் கெர்னலிடம் சொல்ல, கெர்னல் உள்ளே ஓடும் நிரலுக்குச் சிக்னல் அனுப்புகிறது.

தமிழ் எழுதுபவருக்குச் சிக்கல் அந்தக் கட்டங்களில்தான். 'திருநெல்வேலி' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பன்னிரண்டு குறிகள். கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிக்குத் தனிக் கட்டம் உண்டா இல்லையா என்பதில் ஷெல் ஒரு கணக்கும் எடிட்டர் ஒரு கணக்கும் வைத்திருந்தால், கர்சர் 'லி'யை விட்டு விலகி நிற்கும். அழிக்கும் விசையைத் தட்டினால் திரையில் ஓரிடம் கலைய, கோப்பின் பெயரில் வேறோரிடம் அழியும்.