கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைத் தேடுகிறவர்களுக்கு

பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். "எங்க கொள்ளுத்தாத்தா பேரு முத்துசாமி, அவரோட அப்பா யாருன்னு தெரியணும்" என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். வெறும் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தில், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முத்துசாமிதான். பங்காளி வீட்டிலும் ஒரு முத்துசாமி இருப்பார்.

நிலத்தைப் பிடியுங்கள். பத்திரப் பதிவு 1865-லிருந்தே இருக்கிறது. ஆன்லைன் வில்லங்கச் சான்றில் அந்தக் காலம் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். பத்திரம் கிடைத்ததும் எழுதிக்கொடுத்தவர் பெயரைப் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை. பாகம் பிரித்த நிலங்கள் ஒட்டியே கிடக்கும் என்பதால், 'கிழக்கே இன்னார் புஞ்சை' என்கிற அந்த இன்னார் பல நேரம் சொந்த அண்ணனோ சித்தப்பாவோ. சாட்சிக் கையெழுத்தில் மைத்துனர் அகப்படுவார்.

பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, இருந்தால் இங்கிலீஷ் வருஷத்துக்கு 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் உஷார்: பஞ்சம் வந்த 1876-ம் தாதுதான், அறுபது வருஷம் முந்தைய 1816-ம் தாதுதான்.

நிலமில்லாத குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். ஊரிலேயே கூலிக்கு உழைத்தவரை யாரும் எழுதி வைக்கவில்லை. கப்பலேறிய கூலிக்குத்தான் ஏடு இருக்கிறது! 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரை இங்கிலீஷில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். சத்தமாக வாசித்தால்தான் பிடிபடும். மொரிஷியஸுக்குப் போனவர்களின் ஆவணங்கள் அந்த நாட்டிலேயே மோகாவில், மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் தம்பி கடல் தாண்டினார் என்று வீட்டில் பேச்சு உண்டா? அங்கே தேடுங்கள். இருவருக்கும் அப்பா ஒருவர்தானே.

காசு வாங்கிக்கொண்டு ராஜ வம்சம் என்று அச்சடித்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆவணம், என்ன எண் என்று கேளுங்கள். அப்புறம், வீட்டிலிருக்கும் பழைய பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.