'கோபக்காரப் பையன்' என்று முடிவு கட்டுவதற்கு முன்

மனநல ஆலோசனைக்கு வரும் இருபது வயதை ஒட்டிய ஆண்களில் தாங்களாகவே வருபவர்கள் குறைவு. யாராவது கூட்டி வருவார்கள். "எதுக்கெடுத்தாலும் கத்துறான்", "ராத்திரி தூங்குறதே இல்ல", "எந்த வேலையிலும் நிலைக்க மாட்டேங்கிறான்" என்பார்கள். சிறுவயதில் வீட்டில் பட்ட அடியும் பயமும் அந்தப் பேச்சில் இருக்காது. பல சந்திப்புகள் கழித்து, வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் அது வந்து விழும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பலரிடம் கண்டதைக் கலந்தே எழுதுகிறேன். வயது 22. எந்த அறைக்குள் போனாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு ஃபைலைச் சற்று ஓங்கி மேசையில் போட்டால் போதும், இவருக்குக் கை சில்லிட்டுவிடும். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருப்பவர் மேல் எரிந்து விழுவார். ஏன் என்று அவருக்கே புரியவில்லை. பேசப் பேசத்தான் தெரிந்தது. சிறுவயதில், இரவில் அப்பா வீட்டுக்குள் வந்து சாவியைப் போடும் சத்தத்தை வைத்தே, அன்று அடி உண்டா இல்லையா என்று கணித்துவிடுவாராம். மெதுவாக வைத்தால் தப்பித்தார்கள். வீசினால் தம்பியை இழுத்துக்கொண்டு உள் அறைக்கு ஓட வேண்டும். எட்டு வயதில் அவரைக் காப்பாற்றிய அதே கூர்மைதான் இப்போது அவர் வேலைக்கு உலை வைக்கிறது.

இதில் திமிர் எதுவும் இல்லை. ஆபத்தை உணர்ந்து உடம்பை உசுப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, பயந்தே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. "இது வெறும் ஃபைல்தான், பயப்படாதே" என்று நிதானப்படுத்த வேண்டிய மூளையின் முன்பகுதியோ முழுதாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அவர்களுடைய குழுவினரும் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் அமெரிக்காவில் வெளியானது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அபாயம் கூடுகிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். தலையெழுத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீண்டு வந்தவர்கள் ஏராளம்.

"சின்ன வயசுல வாயே திறக்காதவன் இப்ப ஏன் பழசைக் கிளறுறான்?" என்று குடும்பத்தில் கேட்பார்கள். அப்போது அவரால் முடியாது என்பதுதான் பதில். சோறு போடுகிறவரையே பார்த்துப் பயப்படும் பிள்ளை, அந்தப் பயத்தை விழுங்கித்தான் வளர முடியும். சொந்தச் சம்பளம், தனி அறை, நம்பிக்கையான ஒரு நட்பு என்று ஏதாவது அமைந்த பிறகுதான் மனம் அதை வெளியே எடுக்கத் துணிகிறது. பார்ப்பவர்களுக்குப் பையன் கெட்டுப்போவதுபோல் தெரியும். பல நேரங்களில் அதுதான் அவர் தேறத் தொடங்கும் இடம்.

அதற்காக, உட்காரவைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று வற்புறுத்துவது தவறு. தயாராகாத மனதைக் கட்டாயப்படுத்திப் பேசவைத்தால் காயம் ஆழமாகலாம். முதலில் தூக்கம் சீராக வேண்டும், குடி குறைய வேண்டும், படபடப்பு வரும்போது மூச்சை நிதானப்படுத்தத் தெரிய வேண்டும். இன்னமும் அடி விழும் வீட்டில் இருந்தால் அங்கிருந்து வெளியே வர வழி வேண்டும். நடந்ததைப் பேசுவது அதற்கு அப்புறம்தான். மனக்காயத்தை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் ஆகிய இரண்டு சிகிச்சைகளையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார்.

உறவினர்களுக்கு ஒன்று. "என்ன இருந்தாலும் பெத்தவர், மன்னிச்சுடு" என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்பது சிகிச்சைக்கு நிபந்தனையே இல்லை. மன்னிக்காமலே நன்றாகத் தேறியவர்கள் உண்டு. "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே" என்று ஓர் அம்மா சொல்லிவிட்டால் அந்தப் பையன் மறுபடி வாயைத் திறக்கப் பல வருடம் ஆகும். "உன்னை நான் காப்பாத்தியிருக்கணும்பா" என்று சொன்னால், அப்புறம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

சாவைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தால் மட்டும் தயங்கவே கூடாது. "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இதைப் படிக்கும் தம்பி ஒருவர் ஆலோசகரைப் பார்க்கத் தயங்கிக்கொண்டிருந்தால், முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "நடந்ததைப் பத்தி இன்னைக்குப் பேச வேணாம், எனக்குத் தூக்கம் மட்டும் சரியாகணும்" என்று சொல்லலாம். நல்ல ஆலோசகர் அங்கிருந்தே ஆரம்பிப்பார். அதற்கு மேல் தோண்டித் துருவினால் வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.