ஜீப்பைக் கழற்றமுன் புத்தகத்தைத் திறவுங்கள்

யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேட்டில் ஏற்றுவதற்கென்றே பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டு வளவில் மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டி இஞ்சினை இறக்கும் பெடியள் சிலர் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். கைவேலையில் குறை சொல்ல ஏலாது. சறுக்குவதெல்லாம் கடுதாசியில்தான்.

இலங்கையில் வாகனப் பதிவு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நடக்கிறது. நாங்கள் ‘புத்தகம்’ என்று சொல்லும் பதிவுச் சான்றிதழில் இஞ்சின் நம்பர், செசி (அடிச்சட்டம்) நம்பர், எரிபொருள், நிறம், வாகன வகை எல்லாம் எழுதியிருக்கும். இவற்றில் எதை மாற்றுவதென்றாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி முதலில், ஸ்பானர் பிறகு. பெற்றோல் இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சின் வைத்தால் நம்பரும் எரிபொருளும் இரண்டும் மாறும். மேற்கூரையை வெட்டித் திறந்த ஜீப்பாக்கினால் உடலமைப்பே மாறிவிடும். வேலை முடிந்தபின் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து அறிக்கை தரவேண்டும். அதை வைத்துத்தான் புத்தகத்தைத் திருத்துவார்கள். இஞ்சின் வாங்கிய பில்லை எறிந்துவிடாதீர்கள். லீசிங் முடியாத வாகனமென்றால் கம்பனியின் பெயரும் புத்தகத்தில் இருக்கும். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது.

செசியில் மட்டும் விளையாடவேண்டாம். நீளத்தைக் குறைக்கவென்று வெட்டி ஒட்டும்போது நம்பர் பொறித்த துண்டு போய்விட்டால், அந்த ஜீப் எந்த ஜீப் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. பழைய வாகனங்களில் அந்த இடத்தில் துருவும் நாலு பூச்சு பெயின்டும் மூடிக்கிடக்கும். கிறைண்டரைக் கொண்டுபோகாதீர்கள், எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். பெயின்ட் ரிமூவர் பூசி, துணியால் துடைத்து, சோக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்துத் தெரியும்.

இதை வாங்கும்போதே செய்வது நல்லது. தொண்ணூறுகளின் போர்க்கால எரிபொருள் தடைக்குள், காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கிடைத்த இஞ்சினைக் கிடைத்த வாகனத்தில் ஏற்றினோம். அந்தக் காலத்து வாகனங்களில் புத்தகம் சொல்லும் இஞ்சின் ஒன்றும் பொனற்றுக்குக் கீழ் இருக்கும் இஞ்சின் வேறொன்றுமாக இன்றைக்கும் அகப்படும். காசு கொடுக்கமுன் இரண்டு நம்பரையும் பொருத்திப் பாருங்கள்.

பெரிய டயர், மேலதிக லைட், முன்னால் இரும்புத் தடுப்பு என்பவற்றைச் சின்ன விஷயமென்று நினைப்பார்கள். 2025இல் அனுமதியில்லாத பொருத்துகளைப் பொலிஸார் றோட்டிலேயே கழற்றவைத்தது மறந்திருக்காது. காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் தேடும் சாட்டு அதுதான். வருடாந்த வரிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். மாற்றிய இஞ்சின் கரும்புகை கக்கினால் அங்கேயும் நிற்கவேண்டிவரும்.

விசாரிக்க வேண்டிய இடம் யாழ்ப்பாணம் கச்சேரியில் உள்ள திணைக்களத்தின் மாவட்டக் கிளை. அங்கே முடியாததற்குக் கொழும்பு போகவேண்டும்.

இன்னுமொன்று. புத்தகம் சரியென்றாலும் வடமராட்சி கிழக்கால் நேரே சுண்டிக்குளத்துக்குள் விடலாமென்று எண்ணாதீர்கள். அது 2015 முதல் தேசியப் பூங்கா; அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் தனியாகக் கேட்கவேண்டும்.