பங்களிப்பற்ற ஓய்வூதியமா?

கிளிநொச்சியில் அண்மையில் நடந்த ஒரு பயிலரங்கிலும் திரையில் அதே தொடர்: "பங்களிப்பற்ற ஓய்வூதியம்." சந்தா கட்டாமலே கிடைக்கும் பென்சனுக்கு (non-contributory pension) ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த சொல். இதை எத்தனை தரந்தான் கேட்டுக்கொண்டு இருப்பது?

பென்சன் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தராசில் நிறுத்தல், நிறுத்துக் கொடுத்தல் என்று அந்த வேருக்குப் பொருள். ஓய்வு என்ற கருத்து அந்த வேரில் இல்லை. தமிழில்தான் ஓய்வையும் ஊதியத்தையும் ஒட்டினோம். சம்பளம் எடுத்து இளைப்பாறிய பாடசாலை அதிபருக்கு அது அளவாகப் பொருந்தும்.

ஆனால் சந்தா கட்ட வழியில்லாத முதியவர்களுக்கு வறிய நாடுகள் வரிப்பணத்தில் மாதாமாதம் கொடுப்பதையும் இதே சொல்லால் அழைத்து, முன்னால் "பங்களிப்பற்ற" என்று வேறு ஒட்டுகிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம், சிறுபோகம் என்ற இரு நெற்பருவமும் களை பிடுங்கியே முதுகு வளைந்த அம்மா ஒருவரிடம் ஓய்வூதியம் பற்றிக் கேட்டேன். "நான் எப்பையடா தம்பி இளைப்பாறினனான்?" என்றார். அவரா பங்களிப்பு அற்றவர்?

இன்னொன்றையும் பாருங்கள். இலங்கையில் அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியமும் திறைசேரிப் பணந்தான். அவர் அதற்கென்று ஒரு நிதியத்தில் கட்டுவதில்லை. விதவைகள், அநாதைகள் பென்சனுக்கென்று அவர் சம்பளத்தில் வெட்டுவது வேறு கணக்கு. இலக்கணப்படி முதலில் அவருடையதுதான் பங்களிப்பற்றது. ஆனால் இளைப்பாறிய மாவட்ட அரச அதிபரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல எந்த மொழிபெயர்ப்பாளருக்குத் துணிவு வரும்? மாறாக, 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த விவசாயிகள் பென்சனுக்குக் கமக்காரன் தவணை கட்டவேண்டும்.

நேபாளத்தில் 1995 இல் 75 வயது கடந்தவர்களுக்கு மாதம் 100 ரூபாயுடன் தொடங்கியதைச் சனங்கள் 'விருத்த பத்தா' என்றார்கள். முதியோர் படி என்று பொருள். பத்தா, படிக்காசைக் குறிக்கும் நம் 'பேட்டா'வுக்கு உறவுச் சொல். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை. உதவி என்பதில் பிச்சை வாடை கொஞ்சம் வீசினாலும் பொய் இல்லை. என் தெரிவு 'முதுமைக் கொடுப்பனவு'. பிரித்துக் காட்டத்தான் வேண்டுமென்றால் 'சந்தா கட்டாத' என்று எழுதுங்கள். சந்தா தமிழ் இல்லையே என்று தூய்மைவாதிகள் வருவார்கள். வரட்டும், சங்கத்துக்குச் சந்தா கட்டாத கமக்காரன் வன்னியில் இல்லை.

அதே திரையில் அடுத்து வந்தது 'தங்கிவாழ்வோர் விகிதம்'. உழைக்கும் வயதினருக்கு எதிரே, அவர்களில் தங்கி வாழ்வதாகக் கருதும் சிறுவரும் முதியவரும் எத்தனை பேர் என்ற கணக்கு அது. அறுபத்தைந்து தாண்டிய எல்லாரும் அதற்குள் அடக்கமாம். தாய் தகப்பன் இல்லாத பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மா இங்கே எத்தனை வளவில் இருக்கிறார்! அவரில் தங்கியிருப்பவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவார்களோ தெரியாது.