இந்திய அணிக்கு ஆடியவருக்கு 35 வயதில் என்ன வேலை?

கால்பந்து வீரரின் ஆட்டக்காலம் பெரும்பாலும் 33, 34 வயதில் முடிந்துவிடும். கோல்கீப்பர் என்றால் இன்னும் ஓரிரு சீசன் தாக்குப்பிடிப்பார். அதற்கப்புறம் 60 வயதுவரை கால் நூற்றாண்டு உழைக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவுக்கு ஆடிய பையனை யாராவது கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் இன்னும் நம்புகிறார்கள். எங்களிடம் ஆலோசனைக்கு வரும் வீரர்களில் பலர் கடைசி ஒப்பந்தம் முடிந்த பிறகே வருகிறார்கள். அதற்குள் முக்கியமான சில வாய்ப்புகள் வயதை வைத்தே கைநழுவியிருக்கும்.

முந்தைய தலைமுறைக்கு வேலை முதலில் வந்தது, ஆட்டம் அதோடு சேர்ந்து நடந்தது. சுனி கோஸ்வாமி ஸ்டேட் பேங்கில் இருந்தார். பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேயில் இருந்தார். ஐ.எம். விஜயன் கேரள போலீஸில் சேர்ந்து, இடையில் பெரிய கிளப்புகளுக்குப் போய் ஆடி, திரும்பவும் அதே துறைக்கு வந்து 2025 ஏப்ரலில் டெபுடி கமாண்டண்டாக ஓய்வுபெற்றார். அவர்கள் ஆட்டத்தை நிறுத்தியபோதும் மாதச் சம்பளம் நிற்கவில்லை. பிறகு காலம் மாறியது. நிறுவனங்கள் நடத்திய கிளப்புகளில் மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது, அடுத்த வருடம் ஜேசிடி. 2014இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியது. கையில் வரும் பணம் பல மடங்கானது. ஆனால் ஒப்பந்தம் முடிகிற நாளோடு வருமானமும் முடிகிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைத்தான் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ரயில்வே மண்டலங்களின் ஆட்சேர்ப்புப் பிரிவுகள் (ஆர்ஆர்சி) வெளியிடும் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள்: வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. காட்டும் சாதனையும் சமீபத்திய நிதியாண்டுகளுக்குள் இருக்க வேண்டும். அதாவது 22 வயதில் தேசிய அணிக்குள் வந்த ஒருவருக்கு இந்த வழியில் மூன்றே வருடம்தான். 32 வயதில் 40 சர்வதேச ஆட்டங்களோடு போனாலும் விண்ணப்பிக்க முடியாது. மற்ற மத்திய அரசுத் துறைகளில் ஐந்து வருடம்வரை வயதுத் தளர்வு உண்டு, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குப் பத்து வருடம்வரை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

அடுத்த சிக்கல் சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கு, இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியதற்கு 'படிவம் 1' வேண்டும். அதில் தேசிய சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். மாநில அணிக்கு ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3. பத்திரிகைச் செய்தியும் அணிப் புகைப்படமும் இதற்கு ஈடாகாது. போட்டி முடிந்து அணி ஊர் திரும்பிய அந்த மாதமே எழுதிக் கேட்டு வாங்குவது எளிது. பத்து வருடம் கழித்துப் போனால் நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், கோப்பு கிடைக்காது. பெயரின் இனிஷியல், பிறந்த தேதி இரண்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தமிழ்நாட்டு வீரர்களுக்கு பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, விண்ணப்பம் அதில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது.

வேலையில் இருப்பவருக்கு கிளப்பிலிருந்து நல்ல தொகை வந்தால் ராஜினாமா செய்யலாமா? எழுத்தில் அனுமதியும் சம்பளமில்லா விடுப்பும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கணக்குப் போடுங்கள். இரண்டு வருட ஒப்பந்தத் தொகையை ஒரு பக்கமும், 60 வயதுவரை வரும் சம்பளம், மருத்துவ வசதி, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாவற்றையும் மறுபக்கமும் எழுதினால் விடை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விட்ட வேலைக்கு விஜயன் திரும்பியதுபோல எல்லோராலும் திரும்ப முடியாது. கிளப் சம்பளம் நின்றுபோனால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்: ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

பயிற்சியாளர் ஆவது முன்னாள் வீரர்கள் அதிகம் விரும்பும் வழி. இன்று இந்திய அணியின் முன்னாள் வீரர்களில் இதற்குச் சிறந்த உதாரணம் காலித் ஜமீல். மும்பை எஃப்சியில் ஆடி முடித்து அங்கேயே பயிற்சியாளரானார். 2017இல் ஐசால் அணிக்கு ஐ-லீக் என்ற தேசிய லீக் பட்டத்தை வாங்கித் தந்தார், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் பயிற்சியாளர் வேலைக்கும் இதற்கும் இடையில் கிட்டத்தட்ட 16 வருடம். உரிமப் படிகள் டி, சி, பி, ஏ, புரோ. ஐஎஸ்எல் தலைமைப் பயிற்சியாளருக்குப் புரோ உரிமம் தேவை. ஒவ்வொரு படிக்கும் நடுவில் உண்மையாக ஓர் அணியைப் பயிற்றுவித்த அனுபவத்தைக் காட்ட வேண்டும் என்பதால், 35 வயதில் டி உரிமத்தில் ஆரம்பிப்பவர் 40ஐத் தாண்டித்தான் மேலே வருவார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 28, 29 வயதில், சீசன் இல்லாத மாதங்களில் டி, சி இரண்டையும் முடித்துவிடுவது நல்லது.

இந்த உரிமத் தேர்வுகளில் பெரிய வீரர்களே தடுமாறுவதைப் பார்க்கிறோம். பந்தை வைத்து அவர்களால் செய்து காட்ட முடியும், ஏன் அப்படி என்று சொல்லத் தெரிவதில்லை. தேர்வாளர் பார்ப்பது வேறு. 20க்கு 20 மீட்டர் கட்டம், நான்கு பேர் பந்தை வைத்திருக்க இரண்டு பேர் பறிக்க வேண்டும், மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு என்று ஒரு பயிற்சி எழுதுகிறீர்கள் என்றால், கட்டம் ஏன் அந்த அளவு, எந்தக் கணத்தில் நிறுத்தித் திருத்துவீர்கள், பையன்களுக்குச் சுலபமாகிவிட்டால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்பார். விடை: கட்டத்தைச் சுருக்குவது, அல்லது பந்தைத் தொடும் எண்ணிக்கையை இரண்டாகக் குறைப்பது. இதைத் தினமும் நோட்டில் எழுதிப் பழகியவர் தேறிவிடுகிறார்.

சொந்த அகாடமி தொடங்கப் போகிறவர்கள் சேமிப்பைப் போடுமுன் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, 40 பிள்ளைகள், தலைக்கு ரூ.1,500 என்றால் வரவு ரூ.60,000. டர்ஃப் மணிக்கு ரூ.1,000 வீதம், 12 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்: ரூ.18,000. உதவிப் பயிற்சியாளர் இருவருக்கு ரூ.30,000. மிஞ்சுவது ரூ.12,000, அதிலும் பந்து, பிப் (அணியைப் பிரித்துக் காட்டும் மேலாடை), முதலுதவி, காப்பீடு போக வேண்டும். பரீட்சை மாதங்களில் பிள்ளைகள் பாதியாகக் குறைவார்கள், வாடகையும் சம்பளமும் குறையாது. ஆறு மாதச் செலவைத் தனியாக வைக்காமல் தொடங்கவே கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்கான 'ஃபிஃபா கார்டியன்ஸ்' இணையப் படிப்பு இலவசம்; பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் எவரும் முதலில் அதை முடிக்க வேண்டும்.

வர்ணனை வேலை சீசனோடு போய்விடும், துணை வருமானமாக வைத்துக்கொள்ளலாம். அரசியலில் ஹவுரா எம்பி பிரசூன் பானர்ஜியைப் போல் வென்றவர்களும் உண்டு, பாய்ச்சுங் பூட்டியாவைப் போல் பலமுறை தோற்றவர்களும் உண்டு. குடும்பச் செலவை நம்பி இறங்கும் இடம் அது கிடையாது.

ஓய்வூதியத்தில் கால்பந்துக்காரர்களுக்கு ஒரு தனி வருத்தம் இருக்கிறது. மத்திய அரசின் ஆயுள்கால ஓய்வூதியம் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் போன்றவற்றில் பதக்கம் வென்றவர்களுக்கு மட்டும். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி கடைசியாகப் பதக்கம் வென்றது 1970இல், பாங்காக்கில். தெற்காசிய சாம்பியன்ஷிப்பை எத்தனை முறை வென்றிருந்தாலும் இதற்குக் கணக்கில் வராது. இது சரியில்லை என்பதே எங்கள் கருத்து. தமிழ்நாட்டில் நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு 58 வயதுக்குப் பிறகு மாதம் ரூ.6,000 கிடைக்கிறது. வறுமையிலோ பெரிய நோயிலோ இருப்பவர்கள் மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாய விளையாட்டு வீரர் நல நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

உடம்பு விஷயத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆடும் காலத்திலேயே சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுப்பது. கிளப் காப்பீடு ஒப்பந்தத்தோடு முடியும். ஏற்கெனவே உள்ள பாதிப்புகளுக்குப் புதிய பாலிசியில் மூன்று வருடம்வரை காத்திருக்க வேண்டும். ஏசிஎல், மெனிஸ்கஸ் போன்ற முழங்கால் அறுவைச் சிகிச்சைகளை மறைத்து பாலிசி எடுத்தால், க்ளெய்ம் அங்கேயே நிராகரிக்கப்படும். எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

மனதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய அணியின் கேப்டனாக இருந்த வி.பி. சத்யனுக்குச் சென்னையில் இந்தியன் வங்கியில் நிலையான வேலை இருந்தது. ஆடமுடியாமல் போன காலும் மனச்சோர்வும் அவரை விடவில்லை; 2006இல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்டத்தை விட்ட முதல் வருடத்தில் தூக்கமின்மை, எரிச்சல், குடி, நண்பர்களைத் தவிர்ப்பது ஆகியவை தெரிந்தால் வீட்டார் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இன்னும் 50 வயதைத் தாண்டாதவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் விளையாட்டு அமைச்சகம் தொடங்கிய 'ரீசெட்' திட்டம் இருக்கிறது. 20 முதல் 50 வயதுக்குள் இருந்து, போட்டி ஆட்டத்தை விட்டிருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் தனித்தனிப் படிப்புகள் உண்டு, குவாலியரில் உள்ள லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் நடத்துகிறது. பாடங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்துவிட்டு நேரடிப் பயிற்சிக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் போக வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆடப்போனவர்களும் இதில் தயங்காமல் சேரலாம்.