பிரிண்ட் போட்டால் மாமாவின் தலை ஏன் போகிறது?

அக்கா மகனுக்குக் காதுகுத்து. பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்ற மாமாவின் தலையிலிருந்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த பொடிசுகளின் முழங்கால் வரை, ஒரு விரல் இடம்கூட வீணாக்காமல் போனில் எடுத்த படம். 4×6 பிரிண்ட் போட்டு வாங்கினால் மாமாவுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை, பொடிசுகளுக்கு முழங்காலைக் காணோம். மெகாபிக்சல் பத்தலையோ என்று கேட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது வெறும் வடிவச் சண்டை.

போன் படம் பெரும்பாலும் 4:3, அதாவது 4000×3000 பிக்சல் மாதிரி. அதை 6 அங்குல அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 4.5 அங்குலம் வரும். தாளோ 4 அங்குலம்தான். மிஞ்சுகிற அரை அங்குலத்தை மேலே கால், கீழே கால் என்று மெஷின் கழித்துவிடுகிறது. படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு காலி. வெட்டாமல் அமுக்கித் திணிக்கலாம், ஆனால் எல்லாருக்கும் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்.

சரி, தாளுக்கு ஏன் அந்த வடிவம்? அது ஃபிலிம் காலத்துச் சொத்து. சினிமா ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24×18 மில்லிமீட்டர், அதுவே 4:3. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் அதே ஃபிலிமைப் படுக்கவைத்து, இரண்டு ஃபிரேம் இடத்தை ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்டார். 36×24, அதாவது 3:2. அவர் உருவாக்கிய லைக்கா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது, அப்புறம் 35 மி.மீ. கேமரா என்றாலே அந்த அளவு என்றாகிவிட்டது. 4×6 தாள் அதற்குத்தான் கச்சிதம். ஒற்றை ஃபிரேமின் 4:3 வடிவமோ டிவிக்குப் போய், கம்ப்யூட்டர் திரைக்குப் போய், டிஜிட்டல் கேமரா வழியாக நம் போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஃபிலிமின் இரண்டு வாரிசுகள், ஸ்டுடியோவில் மோதிக்கொள்கிறார்கள்!

8×10 இன்னும் பழைய கதை, பெரிய பெட்டிக் கேமராவின் நெகட்டிவ் அளவு. அதில் போன் படம் பதினாறில் ஒரு பங்குதான் இழக்கும், விலை உயர்ந்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் 3:2 படமோ ஆறில் ஒரு பங்கை இழக்கும். அதற்கு 8×12 கேட்க வேண்டும், போன் படத்துக்கு 6×8.

நானும் 6×8 போடலாம் என்றுதான் போனேன். வீட்டில் வாங்கி வைத்திருந்த ஃபிரேம் 4×6. கடைசியில் வெட்டாமல், இடமும் வலமும் மூன்றில் ஒரு அங்குலம் வெள்ளை விட்டுப் போடச் சொன்னேன். படம் கொஞ்சம் சிறிதுதான், ஆனால் மாமா முழுசாக நிற்கிறார்.